சிம்பொனிக் குழு வேண்டாம் என்ற லூயி ஆன்ட்ரீசன்

நான்கு ஓபோ, நான்கு ஹார்ன், நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன், நான்கு வியோலா, இரண்டு ஹார்ப், இரண்டு பியானோ, இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், நான்கு பெண் குரல்கள். ‘டெ ஸ்டாட்’ என்ற படைப்பை வாசிக்க மேடையேற வேண்டியவர்கள் இவ்வளவு பேர்தான். மேற்கத்திய சாஸ்திரிய இசையோடு கொஞ்சம் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தப் பட்டியலில் இல்லாதவைதான் முதலில் கண்ணில் படும். வயலின் ஒன்றுகூட இல்லை. செல்லோ இல்லை, புல்லாங்குழல் இல்லை, தாளக் கருவிகளும் இல்லை. ஒரு சிம்பொனிக் குழுவுக்கு முதுகெலும்பே வயலின் வரிசைதான். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ராக் மேடையிலிருந்து கிட்டாரை அழைத்து வந்து ஓபோவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தவர் நெதர்லாந்துக்காரரான லூயி ஆன்ட்ரீசன்.

1939 ஜூன் 6 அன்று உட்ரெக்ட் நகரில் பிறந்து, 2021 ஜூலை 1 அன்று ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய வேஸ்ப் ஊரில் 82 வயதில் இறந்தார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நெதர்லாந்திலிருந்து உலகம் முழுக்கப் பெயர் எட்டிய இசையமைப்பாளர் என்றால் முதலில் சொல்லப்படுவது இவர் பெயர்தான். இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக இரண்டு சீட்டுகளை ஒட்டிவிடுவார்கள்: ‘மினிமலிஸ்ட்’ (சிறு இசைத் துணுக்குகளைத் திரும்பத் திரும்ப அடுக்கி எழுதுபவர்), ‘இடதுசாரி’. இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டையும் தனித்தனியாக வைத்தால் மனிதர் பிடிபட மாட்டார். அவருடைய அரசியலைக் கோஷங்களில் தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். ஒரு படைப்பை யார் வாசிக்கிறார்கள், எந்தக் கருவியில், எந்த ஏற்பாட்டின் கீழ், யாருடைய முடிவின்படி என்பதில்தான் அது குடியிருந்தது. கருவிப் பட்டியலே அவருக்கு அரசியல் அறிக்கை.

வீட்டிலிருந்து தொடங்குவது நல்லது. தந்தை ஹெண்ட்ரிக் ஆன்ட்ரீசன் உட்ரெக்ட் கத்தோலிக்கப் பேராலயத்தில் ஆர்கன் வாசித்தவர், இசையமைப்பாளர். ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் 1942-ல் பிணையக் கைதியாகப் பல மாதங்கள் அடைத்துவைக்கப்பட்டவர். போருக்குப் பிறகு ஹேக் நகரின் ராயல் கன்சர்வேட்டரிக்கு இயக்குநரானார். பெரியப்பா வில்லெம் பியானோ கலைஞர், ஆம்ஸ்டர்டாம் கன்சர்வேட்டரியின் இயக்குநர். அண்ணன் யூரியான் இசையமைப்பாளர், அக்கா சிசீலியாவும் அப்படியே. ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டி லூயி. அவர் எதிர்த்துக் கிளம்பிய இசை உலகம் வெளியாள் ஒருவருக்கு மூடியிருந்த கோட்டை அல்ல, அவருடைய சொந்த வீடு. சாவிக்கொத்து கையில் இருந்தவர்தான் கதவை உடைத்தார் என்பதை அவருடைய ஆதரவாளர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

அந்த வீட்டில் கிடைத்த இன்னொரு சொத்து ரசனை. ஹெண்ட்ரிக்குக்குப் பிடித்தது பிரெஞ்சு இசை. பிராம்ஸ், வாக்னர் என்ற கனத்த ஜெர்மானியக் கோடு அந்த வீட்டில் பெரிதாக மதிக்கப்படவில்லை. உணர்ச்சியை அள்ளிக் கொட்டுவதைவிட அளவாக, தெளிவாக, கொஞ்சம் தள்ளி நின்று சொல்வது மேல் என்ற எண்ணம் மகனிடம் கடைசிவரை இருந்தது. அவருடைய தெய்வம் ரஷ்யாவில் பிறந்த இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி. 1983-ல் எல்மர் ஷோன்பெர்கருடன் சேர்ந்து ஸ்ட்ராவின்ஸ்கியைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். ‘அப்பல்லோனியக் கடிகாரம்’ என்பது அதன் தலைப்பு. உணர்ச்சிக்குப் பதிலாகக் கடிகாரத்தைத் தலைப்பில் வைத்ததிலேயே அவருடைய பக்கச் சார்பு தெரிகிறது.

ஹேக் கன்சர்வேட்டரியில் கேஸ் வான் பாரனிடம் படித்தார். வான் பாரன் நெதர்லாந்துக்கு ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷோன்பெர்க் வழியிலான, பன்னிரண்டு சுரங்களையும் சமமாக வரிசைப்படுத்தி எழுதும் பன்னிரு சுர முறையைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். பிறகு 1962 முதல் 1965 வரை மிலானிலும் பெர்லினிலும் இத்தாலிய இசையமைப்பாளர் லுச்சியானோ பெரியோவிடம் படிப்பு. அக்காலத்து ஐரோப்பிய நவீனத்தின் நடு மையம் அது. அங்கிருந்து திரும்பியதும் அவர் எழுதியவற்றில் ஒரு குறும்பு தெரிகிறது. பல நூற்றாண்டு பாணிகளை ஒன்றோடொன்று மோதவிட்டு ஓர் இசைக்குழுப் படைப்பு. பிறகு, பீத்தோவனின் இருநூறாவது பிறந்த ஆண்டான 1970-ல், ஒன்பது சிம்பொனிகளையும் கத்தரித்து ஒட்டிய ஒரு கலவை. அதில் இசைக்குழுவோடு சேர்ந்து வாசிப்பது ஐஸ் வண்டிக்காரரின் மணி. அதை வெறும் கேலி என்று ஒதுக்க முடியாது. எந்த இசையைப் புனிதம் என்று சட்டகம் போட்டு மாட்டியிருக்கிறோம் என்ற கேள்வி அந்த மணியில் இருந்தது.

அந்தக் கேள்வி அதற்கு முந்தைய ஆண்டே தெருவிலிருந்து அரங்குக்குள் வந்திருந்தது. 1969 ஆம்ஸ்டர்டாமில் எதுவும் அமைதியாக இல்லை. மே மாதம் மாணவர்கள் பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடத்தைக் கைப்பற்றினார்கள். ஜூனில் ஐந்து இளம் இசையமைப்பாளர்கள் சே குவேராவை வைத்து ‘ரெகன்ஸ்ட்ரக்ட்சி’ என்ற கூட்டு ஓபராவை ஹாலந்து விழாவில் அரங்கேற்றினார்கள்: லூயி ஆன்ட்ரீசன், ரைன்பர்ட் டெ லேவ், மிஷா மெங்கல்பெர்க், பீட்டர் ஸ்காட், யான் வான் ஃப்ளைமன். ஹியூகோ கிளாஸ், ஹாரி முலிஷ் என்ற இரண்டு பெரிய எழுத்தாளர்கள் அதற்கு வசனம் எழுதினார்கள். அக்டோபரில் நாடக மாணவர்கள் மேடை மீது தக்காளி வீசினார்கள். நவம்பர் 17 அன்று இசையின் முறை வந்தது.

இடம், கொன்செர்ட்கெபாவ். 1888-ல் திறந்த கச்சேரி மண்டபம், சுவர்களில் மேதைகளின் பெயர்கள் பொறித்த இடம், அங்கேயே குடியிருக்கும் உலகப் புகழ்பெற்ற இசைக்குழு. அன்று நடத்தவிருந்தவர் பெர்னார்ட் ஹைடிங்க். நிகழ்ச்சி 18-ஆம் நூற்றாண்டின் குவான்ட்ஸ் எழுதிய புல்லாங்குழல் கான்செர்ட்டோவோடு தொடங்கியது. அது காலூன்றுவதற்குள் அரங்கில் கிலுகிலுப்பை, கிளிக் கிளிக் என்று அடிக்கும் தகர பொம்மை, விசில், சைக்கிள் ஹாரன் எல்லாம் கிளம்பின. துண்டறிக்கைகள் பறந்தன. அந்த ஐவரும் அவர்களது நண்பர்களும் கேட்டது ஒன்றுதான்: குழு எதை வாசிப்பது, எதை வாசிக்காமல் விடுவது என்ற கொள்கையைப் பற்றிப் பொது விவாதம் வேண்டும். கொஞ்ச நேரத்தில் அவர்களை வெளியேற்றிவிட்டுக் கச்சேரி தொடர்ந்தது. வரலாற்றில் இதற்கு ‘பாக்குவெட்டிப் போராட்டம்’ என்று மொழிபெயர்க்கத்தக்க ஒரு பெயர் நின்றுவிட்டது.

ஐவரில் மிஷா மெங்கல்பெர்க், இதே குழுவை 1895 முதல் 1945 வரை ஆண்ட வில்லெம் மெங்கல்பெர்க்கின் உறவு வழிப் பேரன். மேலே நான் சொன்ன சாவிக்கொத்துக் கதை ஆன்ட்ரீசனோடு நிற்கவில்லை.

இந்தப் போராட்டத்தின் உள்ளே இருந்த வாதம், மேலோட்டமாகத் தெரிகிற ‘புதிய இசைக்கு இடம் கொடு’ என்பதைவிட ஆழமானது. மூன்று வருடங்களுக்கு முன்பு, 1966-லேயே, புதிய இசையை அறிந்த புரூனோ மடேர்னாவை ஹைடிங்கோடு இணைந்து குழுவை வழிநடத்த அழைக்க வேண்டும் என்று இவர்கள் கேட்டிருந்தார்கள். நடக்கவில்லை. நடந்திருந்தாலும் சிக்கல் தீர்ந்திருக்காது என்ற முடிவுக்கு ஆன்ட்ரீசன் வந்தார். சிம்பொனிக் குழு என்ற அமைப்பு எப்படி இயங்குகிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். வாரம் ஒரு நிகழ்ச்சி. அதற்குச் சில ஒத்திகைகள். புதிய படைப்பு என்றால் பிராம்ஸுக்கும் பீத்தோவனுக்கும் நடுவே பத்து நிமிடம் செருகப்படும். வாசிப்பவர்கள் அதைச் சில மணி நேரம் பார்த்துவிட்டு மேடையேறுவார்கள். ஒரே வரியைப் பதினாறு பேர் சேர்ந்து வயலினில் இழைப்பதால் தனி ஆள் யாரும் காதில் விழமாட்டார். மேலே ஒருவர் கோலை அசைக்க, கீழே நூறு பேர் அசைவார்கள். இந்த ஏற்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டு இசைக்காக உருவானது, அந்த இசையைத்தான் அதனால் நன்றாக வாசிக்க முடியும் என்பது அவர் கட்சி. இனி சிம்பொனிக் குழுவுக்கு எழுதுவதில்லை என்று முடிவெடுத்தார். பல பத்தாண்டுகள் அதைக் காப்பாற்றவும் செய்தார்.

இங்கே ஓர் எதிர்பாராத கூட்டணி. பழைய இசையைப் பழைய கருவிகளில், அக்காலத்து முறைப்படி வாசிக்க வேண்டும் என்று கிளம்பியவர்கள் அதே ஆம்ஸ்டர்டாமில் இருந்தார்கள். ரெக்கார்டர் குழல் கலைஞர் ஃபிரான்ஸ் புரூகன் அவர்களில் முன்னணி. கொன்செர்ட்கெபாவ் குழு வாசிக்கும் மோசார்ட் ஒவ்வொரு சுரத்திலும் பொய் என்கிற அளவுக்குப் பேசியவர் அவர். புரூகனுக்காக ஆன்ட்ரீசன் 1964-லேயே ஒரு படைப்பு எழுதியிருந்தார். ஒருவர் 1750-க்குப் பின்னோக்கிப் போகிறார், இன்னொருவர் எலெக்ட்ரிக் கிட்டாரை நோக்கி முன்னே போகிறார். இருவருக்கும் நடுவில் இடித்துத் தள்ள வேண்டியதாக நின்றது ஒரே கட்டடம். ஆன்ட்ரீசன் இசையில் பாடகிகள் குரலை நடுக்காமல், அம்பு போல நேராகப் பாடுவதற்கு ஜாஸ் எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் இந்தப் பழைய இசைக்காரர்களும்தான் என்பது என் கணிப்பு.

எதிர்ப்பது ஒரு மாலை வேலை. மாற்றுக் குழு கட்டுவது வருடக் கணக்கில் இழுக்கும். 1972-ல் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் வில்லெம் புரூகருடன் சேர்ந்து ஒரு குழுவை உருவாக்கினார். அதற்காக அவர் எழுதிய முதல் படைப்பின் பெயரே குழுவுக்கும் வந்தது: ‘டெ ஃபோல்ஹார்டிங்’, அதாவது ‘விடாப்பிடி’. மூன்று சாக்ஸபோன், மூன்று டிரம்பெட், மூன்று டிராம்போன், பியானோவில் ஆன்ட்ரீசனே. ஒலிபெருக்கி இல்லாமல் தெருவில் நின்று வாசித்தாலும் கேட்கும் சேர்க்கை. வாசிப்பவர்களில் சுரம் படித்து வாசிப்பவர்கள் உண்டு, ஜாஸ் மேடையில் மனோதர்மத்தில் வளர்ந்தவர்கள் உண்டு. எதை வாசிப்பது என்பதைக் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். ஊர்வலம், கட்சிக் கூட்டம், பள்ளிக்கூடம் என்று கச்சேரி மண்டபத்துக்கு வெளியே போய் வாசித்தார்கள்.

1975-ல் எழுதிய ‘வொர்க்கர்ஸ் யூனியன்’ இந்தச் சிந்தனையின் மிகச் சுருக்கமான வடிவம். அதன் சுரத்தாளைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். வழக்கமான ஐந்து கோடுகளுக்குப் பதில் ஒரே ஒரு கோடு. தாளம் மட்டும் மயிரிழை பிசகாமல் எழுதப்பட்டிருக்கிறது. எல்லோரும் ஒரே தாளத்தை ஒரே நேரத்தில் அடிக்க வேண்டும். எந்தச் சுரம் என்பது எழுதப்படவில்லை. புள்ளி கோட்டுக்கு மேலே இருந்தால் உங்கள் கருவியில் உயரமான சுரம், கீழே இருந்தால் தாழ்ந்தது. அவ்வளவுதான். இனிமையான சேர்க்கைகள் வேண்டாம், முரண்டு பிடிக்கிற ஒலியே வேண்டும் என்று குறிப்பு சொல்கிறது. கருவி? ‘சத்தமாக ஒலிக்கும் எந்தக் கருவிக் கூட்டமும்’ வாசிக்கலாம். ஒவ்வொருவரும் தன் பங்கு இல்லாவிட்டால் நடக்காது என்ற எண்ணத்தோடு வாசித்தால்தான் இது தேறும், அரசியல் வேலையைப் போலவே, என்றும் எழுதிவைத்தார்.

படிக்கும்போது இது சுலபமாகத் தெரியும். சுரத்தில் இவ்வளவு சுதந்திரம் கொடுத்தால் யார்தான் வாசிக்க முடியாது? வாசித்துப் பார்த்தவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள். தாளம் அடிக்கடி எதிர்பாராத இடத்தில் ஒடிகிறது. ஒருவர் கண் ஒரு நொடி தாளை விட்டு விலகினால் அவருடைய தவறு எல்லோருக்கும் கேட்கும். சுமார் இருபது நிமிடம், ஓய்வே இல்லை. ஒற்றுமை என்ற சொல்லைப் பாட்டில் போடுவதற்குப் பதிலாக, ஒற்றுமை குலைந்தால் படைப்பே குலையும்படி எழுதிவிட்டார்.

அடுத்த ஆண்டு வந்ததுதான் தொடக்கத்தில் சொன்ன ‘டெ ஸ்டாட்’. பெயருக்குப் பொருள் ‘அரசு’. மூலம் பிளேட்டோவின் ‘குடியரசு’ நூல். நான்கு பெண்கள் பாடுவது பண்டைய கிரேக்க மூலத்தையேதான். பிளேட்டோ அங்கே என்ன சொல்கிறார்? லட்சிய அரசில் சோகமான, தளர்ந்த இசை முறைகளுக்கு இடமில்லை. வீரத்தையும் நிதானத்தையும் வளர்க்கும் டோரிய, ஃபிரிஜிய முறைகள் போதும். நிறைய நரம்புகள் கொண்ட யாழ் வகைகள் வேண்டாம், ஔலோஸ் என்ற குழல் செய்பவர்களை ஊருக்குள் விடக் கூடாது. புதிய பாணி இசை வந்தால் ஜாக்கிரதை. இசை முறை மாறினால் அரசின் அடிப்படைச் சட்டங்களே ஆட்டம் காணும்.

இப்போது அந்தக் கருவிப் பட்டியலை மறுபடி படியுங்கள். ஔலோஸ் சீவாளி வைத்து ஊதும் குழல். இன்றைய இசைக்குழுவில் அதற்குக் கிட்டத்தட்டச் சொந்தம் ஓபோதான். படைப்பு தொடங்குவது நான்கு ஓபோக்களோடு. நிறைய நரம்பு கொண்டவை என்றால் ஹார்ப், இரண்டு இருக்கிறது. பிளேட்டோ நாடுகடத்தியவர்களை அழைத்து வந்து அவருடைய தடையுத்தரவையே வாசிக்கச் சொல்கிறார் ஆன்ட்ரீசன்.

ஆனால் இதைப் பிளேட்டோவுக்கு எதிரான படைப்பு என்று முடித்துவிட்டால் பாதிதான் பிடிபடும். ஆன்ட்ரீசனின் நிலை இரட்டை நிலை. இசை மாறினால் சட்டம் மாறும் என்று பிளேட்டோ சொன்னது தவறு என்பது அவருக்குத் தெரியும்; அது உண்மையாக இருந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கமும் உண்டு. சுரத்துக்கு வர்க்கம் கிடையாது, ஒரு கார்டை (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) முற்போக்கு என்றோ பிற்போக்கு என்றோ சொல்ல முடியாது என்பதை அவர் ஒத்துக்கொள்வார். ஆனால் அந்தச் சுரங்களைத் திரட்டி, அடுக்கி, இன்னாரை வைத்து இன்ன கருவியில் வாசிக்கவைக்கிற கணத்தில் சமூகம் உள்ளே நுழைந்துவிடுகிறது என்பார். 1969-ல் கூச்சலிட்டவர்களில் இந்த வேறுபாட்டை இவ்வளவு துல்லியமாக யோசித்தவர் இவர்தான் என்று நினைக்கிறேன். அதனால்தான் அந்தக் காலத்துப் ‘புரட்சி இசை’யில் பெரும்பகுதி மறந்துபோன பிறகும் ‘டெ ஸ்டாட்’ வாசிக்கப்படுகிறது. 1977-ல் யுனெஸ்கோவின் சர்வதேச இசையமைப்பாளர் அரங்கில் அதற்கு முதலிடம் கிடைத்தது.

கேட்கும்போது எப்படி இருக்கும்? ஸ்டீவ் ரைஷ், டெர்ரி ரைலி போன்ற அமெரிக்க மினிமலிஸ்டுகளைக் கேட்டவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் சிறு சொற்கட்டுகள் பரிச்சயமாக இருக்கும். ஆனால் அமெரிக்கர்களிடம் மாற்றம் மெல்ல வரும், தெரியாமல் வரும். இங்கே ஒரு பகுதி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவர் எழுந்ததுபோல நிற்கும். அடுத்தது எதிர்த் திசையில் கிளம்பும். கார்டுகள் கடுமையானவை. பித்தளைக் குழல்களில் ஸ்டான் கென்டனின் பெரிய ஜாஸ் குழு முழங்குகிறது, அடியில் ஸ்ட்ராவின்ஸ்கியின் வெட்டு வெட்டான தாளம். சுமார் முப்பத்தைந்து நிமிடத்தின் இறுதியில் குழு இரண்டாகப் பிரிந்து ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கிறது.

அந்த முடிவிலிருந்தே அடுத்த படைப்பு முளைத்தது. ‘ஹோகெட்டஸ்’ என்பது ஹேக் கன்சர்வேட்டரியில் மாணவர்களோடு நடத்திய ஒரு செயல்திட்டத்தில் பிறந்தது. ஹாக்கெட் என்பது ஐரோப்பிய இடைக்கால உத்தி: ஒரு மெட்டை இரண்டு குரல்கள் பங்குபோட்டு, ஒருவர் நிறுத்துமிடத்தில் மற்றவர் எடுத்து, இடைவெளி தெரியாமல் பாடுவது. ஆன்ட்ரீசன் அதை மெட்டிலிருந்து தாளத்துக்கு மாற்றினார். மேடையின் இடப்பக்கம் ஒரு குழு, வலப்பக்கம் அச்சு அசல் அதே போல இன்னொன்று: பான் குழல், பியானோ, எலெக்ட்ரிக் பியானோ, பேஸ் கிட்டார், காங்கா முரசு. இந்தப் பக்கம் ஓர் அடி, அந்தப் பக்கம் ஓர் அடி. இரண்டும் சேர்ந்து வாசிப்பதில்லை. ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாறி மாறி உலக்கை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி கை சற்றுத் தாமதித்தாலும் உலக்கையோடு உலக்கை மோதும். ஒவ்வொரு பகுதியையும் எத்தனை முறை வாசிப்பது என்பது வாசிப்பவர்கள் கையில். சைகை கிடைத்ததும் அடுத்ததற்குத் தாவ வேண்டும். இதற்காகவே உருவான ஹோகெட்டஸ் குழு பத்தாண்டுக்கு மேல் நீடித்து 1987-ல் கலைந்தது.

அப்புறம் ஹேக் கன்சர்வேட்டரியே ஒரு முகாமாக மாறியது. 1970-களிலிருந்து அவர் அங்கே கற்பித்தார். பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மாணவர்கள் வரத் தொடங்கினார்கள். இங்கிலாந்தின் ஸ்டீவ் மார்ட்லண்ட், அமெரிக்காவின் மிஸ்ஸி மசோலி, நெதர்லாந்தின் மிஷெல் வான் டெர் ஆ, மார்ட்டைன் படிங் எல்லாம் அவரிடம் படித்தவர்கள். நியூயார்க்கின் ‘பேங் ஆன் அ கேன்’ குழுவினருக்கும் அவர் முன்னோடி. காற்றுக் கருவிகளும் மின்சாரக் கிட்டாரும் கலந்த, சத்தமான, தாளம் முன்னே நிற்கிற சிறு குழு இன்று உலகெங்கும் சாதாரணமாகிவிட்டது என்றால் அதில் இவருடைய பங்கு கணிசம்.

1980-களில் தொனி மாறுகிறது. கோபம் தணிந்தது என்று சொல்வதைவிட, கேள்வி பெரிதானது என்று சொல்லலாம். ‘டெ டைட்’ காலத்தைப் பற்றியது, அகஸ்டினின் ‘ஒப்புதல்கள்’ நூலிலிருந்து. ‘டெ ஸ்னெல்ஹைட்’ வேகத்தைப் பற்றியது. இவற்றின் உச்சி, 1984 முதல் 1988 வரை எழுதி 1989 ஜூனில் ஆம்ஸ்டர்டாமில் ராபர்ட் வில்சன் இயக்க, பழைய தோழர் ரைன்பர்ட் டெ லேவ் நடத்த அரங்கேறிய ‘டெ மாட்டேரி’. பருப்பொருள் என்று பொருள். ஓபரா என்று சொல்கிறார்கள், கதை கிடையாது. பொருளுக்கும் ஆன்மாவுக்கும் உள்ள உறவு பற்றி நான்கு பெரிய துண்டுகள்.

முதல் துண்டு ஒரே கார்டை 144 முறை அடிப்பதில் தொடங்குகிறது. எண்ணிக்கையைப் படித்தால் சலிப்பு தட்டும். கேட்டால் தட்டாது, ஏனென்றால் அடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறிக்கொண்டே இருக்கிறது. அடுத்த அடி எப்போது விழும் என்று உடம்பு காத்திருக்கத் தொடங்கிவிடும். பிறகு ஸ்பெயின் மன்னனின் ஆட்சியை உதறித் தள்ளிய 1581-ஆம் ஆண்டுப் பிரகடனமும், கப்பல் கட்டுவது எப்படி என்ற 17-ஆம் நூற்றாண்டு நூலும், அணுக்களைப் பற்றிய பழைய டச்சுச் சிந்தனை ஒன்றும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பாடப்படுகின்றன. விடுதலை, மரவேலை, இயற்பியல் மூன்றையும் ஒரே தட்டில் வைக்கும் துணிச்சல் எனக்குப் பிடிக்கிறது. ஒரு நாடு தன்னைக் கையால் கட்டிக்கொண்டது என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியாது.

இரண்டாவது துண்டு ‘ஹாடவைக்’. 13-ஆம் நூற்றாண்டுப் பெண் ஞானி ஒருத்தி கிறிஸ்துவோடு ஒன்றுகலந்த அனுபவத்தைச் சொன்ன வரிகள். ஒரு சோப்ரானோ (உச்ச ஸ்தாயிப் பெண்) குரல், மெதுவாக நகரும் இசை. அடித்தளத்தில் ஒரு கணக்கு: பிரான்சின் ரைம்ஸ் பேராலயத்தின் தரைவரைபடத்தை அளந்து இசையின் நீளங்களை அமைத்திருக்கிறார். அந்தக் கணக்கு தெரியாமலேயே ஒரு நீண்ட மண்டபத்துக்குள் நடந்துபோகிற உணர்வு வரும். ஆன்ட்ரீசனைச் சத்தக்காரர் என்று நினைப்பவர்கள் இதைத்தான் கேட்க வேண்டும்; அவர் எழுதியதிலேயே சிறந்தது இது என்பேன். மூன்றாவது துண்டு ஓவியர் மோந்திரியானுக்கு. நேர்கோடும் மூன்று வண்ணமும் மட்டும் போதும் என்று வரைந்த அந்தக் கறாரான மனிதருக்கு நடனமும் பூகி-வூகி என்ற துள்ளல் பியானோ இசையும் உயிர். ஆகவே கணக்குப் பிசகாத கட்டமைப்புக்குள் பூகி-வூகி பியானோ துள்ளுகிறது. நான்காவதில் மேரி கியூரி வந்து, இறந்துபோன கணவர் பியரை நினைத்து எழுதிய நாட்குறிப்பையும் நோபல் உரையையும் பேசுகிறார். இந்த நான்காவது துண்டை வைத்துத்தான் 2014-ல் ஜெர்மனியில் ஹைனர் கோபெல்ஸ் நூறு உயிருள்ள ஆடுகளை மேடையேற்றினார். 2016-ல் நியூயார்க்கிலும் ஆடுகள் வந்தன. ஆடுகளைப் பற்றி எழுதிய பத்திரிகைகளில் சில இசையைப் பற்றி எழுத மறந்தன.

பிறகு வந்த மேடைப் படைப்புகளை வேகமாகக் கடக்கிறேன். சினிமா இயக்குநர் பீட்டர் கிரீனவேயோடு ‘ரோசா’வும் ‘ரைட்டிங் டு வெர்மீர்’ என்பதும். முதலாவதில் இசையைவிடக் கிரீனவேயின் அதிர்ச்சிப் பசி முந்திக்கொள்கிறது. இரண்டாவது மென்மையானது, நிலைக்கும். தாந்தேயை வைத்து எழுதிய ‘லா கொமேடியா’ 2008-ல் ஹால் ஹார்ட்லியின் இயக்கத்தில் அரங்கேறி, 2011-ல் இசையமைப்புக்கான கிராவ்மையர் விருதை வாங்கித் தந்தது. இத்தாலியப் பாடகி கிறிஸ்டினா ஜவல்லோனியின் குரலை மனதில் வைத்தே அந்தக் காலத்தில் நிறைய எழுதினார்.

ஒரு சங்கடத்தைச் சொல்லாமல் விட முடியாது. தொழிலாளர் பெயரில் எழுதிய இசையைக் கடைசியில் கேட்டது பெரும்பாலும் யார்? படித்த, நவீனக் கலையில் ஆர்வமுள்ள நடுத்தர வர்க்கம்தான். வாசித்தவர்களும் கன்சர்வேட்டரிகளில் பயின்ற கைகள். அந்தச் சிறு குழுக்களுக்குச் சோறு போட்டதோ அரசு மானியம். நெதர்லாந்து அரசு 1970-களிலும் 80-களிலும் தாராளமாகக் கொடுத்ததால்தான் அவ்வளவு குழுக்கள் தழைத்தன. 2010-ல் பதவிக்கு வந்த அரசு கலைத்துறை மானியத்தில் சுமார் 20 கோடி யூரோவை வெட்டுவதாக அறிவித்தபோது முதலில் ஆட்டம் கண்டவையும் இந்தச் சிறு குழுக்கள்தான். பெரிய இசைக்குழுவுக்குச் சுவரும் வரலாறும் புரவலர்களும் உண்டு. பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு அடுத்த ஆண்டின் மானியக் கடிதம் மட்டும்தான். மாற்றுக் குழு என்பது அமைப்பைவிட எளிதில் உடையும் என்ற இந்தப் பொருளாதாரம் 1969-ன் துண்டறிக்கைகளில் இல்லை.

2013-ல் ஒரு திருப்பம். கொன்செர்ட்கெபாவ் இசைக்குழு தன் 125-ஆம் ஆண்டுக்காக ஆன்ட்ரீசனிடம் புதிய படைப்பு கேட்டது, அவர் ஒத்துக்கொண்டார். ‘மிஸ்டேரியன்’ என்ற அந்தப் படைப்பை நவம்பரில் மாரிஸ் யான்சன்ஸ் நடத்தினார். சமரசம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாற்பது வருடத்தில் அந்தக் குழுவும் மாறியிருந்தது. பழைய இசைக்காரர்களிடம் பாடம் கற்றிருந்தது, புதிய இசையை வாசிக்கப் பழகியிருந்தது. கேட்ட விவாதம் மெதுவாக நடந்து முடிந்திருந்தது. பிறகு நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குக்கு ‘அகமெம்னான்’, லாஸ் ஏஞ்சலிஸுக்கு ‘தி ஒன்லி ஒன்’ என்று பெரிய குழுக்களுக்கே எழுதினார். இவற்றில் பழைய முரட்டு வலு குறைவு என்பது மட்டும் உண்மை.

கடைசிப் பெரிய படைப்பு ‘மே’. ஹெர்மன் கோர்ட்டரின் புகழ்பெற்ற டச்சு நெடுங்கவிதையை வைத்து, 2014-ல் இறந்த ஃபிரான்ஸ் புரூகனின் நினைவாக எழுதியது. ஆன்ட்ரீசனை மறதி நோய் பற்றத் தொடங்கியிருந்த நேரம். இசைக்குழுவுக்கு விரித்து எழுதுவதில் மாணவர் மார்ட்டைன் படிங் உதவினார். வாசித்தது புரூகன் தொடங்கிய ‘பதினெட்டாம் நூற்றாண்டு இசைக்குழு’. 2020 டிசம்பரில், கொரோனா காலத்தில், கேட்பவர்கள் இல்லாத கொன்செர்ட்கெபாவ் மண்டபத்தில் நடந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ரைன்பர்ட் டெ லேவ் போயிருந்தார். ஸ்காட், வான் ஃப்ளைமன், மெங்கல்பெர்க் மூவரும் முன்பே போயிருந்தார்கள். 1969-ன் ஐவரில் மிச்சம் இருந்தவர் ஆன்ட்ரீசன் ஒருவர். அவர் 2021 ஜூலையில் போனார். அன்று மேடையில் நின்ற ஹைடிங்க் அக்டோபரில்.

கேட்கத் தொடங்க நினைப்பவர்களுக்கு: ‘டெ ஸ்டாட்’டை ரைன்பர்ட் டெ லேவும் ஷோன்பெர்க் குழுவும் வாசித்த, நான்சச் நிறுவனம் வெளியிட்ட ஒலிப்பதிவு போதுமானது. ‘ஹோகெட்டஸ்’ஸை மொபைல் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், இடமும் வலமும் பிரிந்து கேட்காவிட்டால் பாதி படைப்பு காணாமல் போகும், நல்ல ஹெட்ஃபோன் வேண்டும். முதல் மூன்று நிமிடத்தில் எரிச்சல் வந்தால் வரட்டும், ஐந்தாவது நிமிடம் வரை பொறுங்கள். ‘ஹாடவைக்’கைத் தனியாகக் கேட்டாலும் குறையில்லை. ‘வொர்க்கர்ஸ் யூனிய’னுக்கு இணையத்தில் எத்தனையோ வாசிப்புகள் கிடைக்கின்றன. சாக்ஸபோன்கள் மட்டும் வாசித்த ஒன்றையும் தாளக் கருவிகள் மட்டும் வாசித்த ஒன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எழுதிவைத்த தாளம் ஒன்றேதான். இரண்டும் ஒரே படைப்பு என்று நம்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும்.